கேரளாவில் கூலி அதிகம்தான்; கையில் மிஞ்சுவது எவ்வளவு?



சென்ற மாதம் கம்பம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, சந்தா எல்லாம் எழுதி முடித்துக் கடன் மனுக்களை எடுத்தபோது, ஓர் உறுப்பினர் 40,000 ரூபாய் கேட்டார். "எங்க வீட்டுக்காரர் கோட்டயம் பக்கம் கொத்தனார் வேலைக்குப் போயி எட்டு மாசமாச்சு மேடம். நாளைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வாங்குறாரு. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நாங்களும் அங்கயே போயிரலாம்னு இருக்கோம். வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும், சாமான் வாங்கணும்" என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "போ அக்கா, அங்க போனவுக எல்லாம் நல்லாத்தான இருக்காக" என்றது ஒரு பக்கம். "அங்க என்ன தொழிலா இருக்கு? எல்லாம் துபாய் காசு. காய்கறி கூட நம்ம ஊர்ல இருந்துதான் போகுது. விலை கட்டுப்படியாகாது" என்றது இன்னொரு பக்கம். யார் சொல்வது சரி? இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டில் எதை நம்பியும் 40,000 ரூபாய் கடன் வாங்க முடியாது. ஒரு மாநிலத்துக்கு இருக்கும் பேரை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று இந்த இதழில் பார்ப்போம்.

"கூலி அதிகம்" – இது உண்மைதான்

ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2022-23ஆம் ஆண்டில் கேரளக் கிராமங்களில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 852 ரூபாய். தமிழ்நாட்டில் 500 ரூபாய். இந்திய அளவில் 393 ரூபாய். விவசாயக் கூலியை எடுத்துக்கொண்டால் கேரளாவில் 764, தமிழ்நாட்டில் 470. தொழிற்சாலைகளுக்குப் பேர் போன குஜராத்தில் 241 ரூபாய்தான்! ஒரு மாநிலத்தில் கம்பெனிகள் நிறைய இருப்பதால் மட்டும் கூலிக்காரர் கைக்குப் பணம் வந்துவிடாது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கேரளாவில் ஏன் இவ்வளவு கூலி? அங்குள்ள ஆண்கள் 1970களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரெல்லாம் வீடு கட்டினார்கள். கட்டுவதற்கு ஆள் குறைவு, வேலை அதிகம். தொழிற்சங்கங்களும் வலுவாக இருந்தன. படித்த பிள்ளைகள் சிமெண்டுச் சட்டி தூக்க வரவில்லை. அந்த இடத்துக்கு முதலில் போனது நம் ஆட்கள். பிறகு வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் என்று தூரத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள்.

"அங்கே தொழிலே இல்லை" – இது பாதி உண்மை

வெளிநாட்டுப் பணம் பெரிய பங்கு வகிப்பது உண்மை. 2023ஆம் ஆண்டின் கேரள குடிபெயர்வு ஆய்வு, அந்த ஆண்டில் வந்த தொகையை 2,16,893 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வேலையின்மையும் உண்மை. 2023-24இல் அங்கே 15 முதல் 29 வயதுக்குள் வேலை பார்ப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 29.9 சதவீதம். வெளியூர்க்காரர் வேலைக்கு வந்துகொண்டே இருக்க, உள்ளூர் இளைஞருக்கு வேலை இல்லையா? படித்தவர் படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறார். அந்த வேலைதான் அங்கே குறைவு.

ஆனால் வந்த பணத்தையும் வரிப் பணத்தையும் வைத்து அந்த மாநிலம் சாதித்ததையும் சொல்ல வேண்டும். 2023 கணக்கின்படி 1,000 குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது கேரளாவில் 5; இந்திய அளவில் 25. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, நம்மைப் போன்ற பெண்கள் குழுக்களை ஊராட்சிகளோடு இணைத்து வளர்ந்த அமைப்பு. நாம் பார்த்துக் கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது.

"விலை அதிகம்" – எந்தப் பொருளுக்கு?

கேரளாவில் விளையும் நெல் அவர்கள் சாப்பாட்டுக்குப் போதாது. காய்கறிக்கும் பக்கத்து மாநிலங்களை நம்பியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பொருளில் லாரி வாடகையும் சேர்ந்துவிடும். 2025 ஆகஸ்டில், முந்தைய ஆண்டைவிடக் கேரளாவில் விலைவாசி சுமார் 9 சதவீதம் கூடியிருந்தது. இந்திய அளவில் கூடியது சுமார் 2 சதவீதம். தேங்காய் எண்ணெய் விலை அந்த ஆண்டு எகிறியதை நாமும் பார்த்தோம்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2022-23இல் மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், கேரளக் கிராமத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு 5,924 ரூபாய். தமிழ்நாட்டுக் கிராமத்தில் 5,310 ரூபாய். கட்டுமானக் கூலி நம்மைவிட 70 சதவீதம் அதிகம். செலவோ 12 சதவீதம்தான் அதிகம். "அப்ப மிச்சம் நிறைய நிக்குமே!" என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. அந்த 5,924 பெரும்பாலும் சொந்த வீட்டில் இருக்கும் உள்ளூர்க்காரர் செலவு. வேலைக்குப் போன நம் குடும்பத்துக்கு அதன் மேல் வீட்டு வாடகை வரும். ஊருக்கு வந்து போகும் பஸ் செலவும் வரும்.

அது யாருடைய கூலி?

மேலே சொன்ன கூலிக் கணக்கு எல்லாம் ஆண்களுக்கு உரியது. பெண்களுக்கு அதே கூலி கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மூணாறு கதை நமக்குத் தெரியும். கூலியில் முதலிடம் என்று பேர் வாங்கிய அதே மாநிலத்தில், 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அப்போது அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். 500 ரூபாய் கூலியும் 20 சதவீத போனஸும் கேட்டார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று பேர் வைத்து, சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிப் போராடினார்கள். போனஸ் கோரிக்கை நிறைவேறியது. பிறகு கூலி 301 ரூபாயானது. ஒரே மாநிலம்தான். ஆனால் கொத்தனாருக்கு ஒரு கேரளா, கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு வேறொரு கேரளா.

விடிகாலையில் ஜீப்பில் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வரும் நம் உறுப்பினர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள்.

எதை விட்டுவிட்டுப் போகிறோம்?

குடும்பத்தோடு போகும்போது வருமானம் கூடுவது மட்டும் கண்ணுக்குத் தெரியும். இங்கே விட்டுப்போவது தெரியாது.

ரேஷன்: 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் முன்னுரிமைக் கார்டுக்கும் அந்தியோதயா கார்டுக்கும் உரிய தானியத்தை வேறு மாநிலத்திலும் வாங்கலாம். ஆனால் நம் மாநிலம் தனியாகக் கொடுக்கும் துவரம் பருப்பு, பாமாயில் அங்கே கிடைக்காது. முன்னுரிமை இல்லாத கார்டுக்கு அரிசியும் கிடைக்காது. உங்கள் கார்டு எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

பஸ்: 2021 மே மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய பெண்களுக்கான இலவச டவுன் பஸ் பயணம் எல்லையோடு நின்றுவிடும்.

பள்ளிக்கூடம்: இடுக்கியின் தோட்டப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. மற்ற இடங்களில் பிள்ளை மலையாளத்தில் படிக்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளை பழகிக்கொள்ளும். எட்டாவது படிக்கிற பிள்ளை?

மருத்துவம்: அங்குள்ள அரசு மருத்துவமனைகள் நல்ல பேர் பெற்றவை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 2017இல் 'ஆவாஸ்' என்ற காப்பீட்டுத் திட்டத்தையும் கேரள அரசு தொடங்கியது. போகிறவர்கள் இதைப் பற்றி விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம்

இது புரிவதற்கான கணக்கு. உங்கள் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே 850 ரூபாய் கூலியில் 24 நாள் வேலை என்றால் 20,400. அதே கூலியில் 18 நாள்தான் வேலை என்றால் 15,300. இங்கே 500 ரூபாய் கூலியில் 24 நாள் என்றால் 12,000. அங்கே 18 நாள் வேலை பார்த்தால் கூடுதலாகக் கிடைப்பது 3,300 ரூபாய். வீட்டு வாடகை 4,000 என்றால் அந்தக் கூடுதலும் போய், 700 ரூபாய் கையை விட்டும் போகும். 24 நாள் என்றால், வாடகை போக 4,400 ரூபாய் மிஞ்சும். ஆக, கூலியைவிட நாள்தான் முக்கியம். ஜூன் தொடங்கி மழை வெளுத்து வாங்கும் ஊரில், கட்டுமான வேலை எத்தனை நாள் நடக்கும்? இதைக் கேட்காமல் யாரும் கிளம்பக் கூடாது.

எனவே எந்த மாநிலத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. நாள் கூலி எவ்வளவு என்பதோடு, மாதம் எத்தனை நாள் வேலை?
2. அந்தக் கூலி ஆணுக்கா, பெண்ணுக்கா? எந்த வேலைக்கு?
3. வாடகை, போக்குவரத்து போக மிச்சம் எவ்வளவு?
4. இங்கே கிடைப்பதில் எது நின்றுபோகும்?
5. பிள்ளைகள் எந்த மொழியில், எந்த வகுப்பில் சேருவார்கள்?

அந்தக் குழுவில் கடன் மறுக்கப்படவில்லை. "மூணு மாச நாள் கணக்கைக் கொண்டு வா, அதுல மழை மாசம் ஒண்ணாவது இருக்கணும்" என்று உறுப்பினர்களே தீர்மானம் போட்டார்கள். அவருக்கு முதலில் முகம் வாடியது. அடுத்த கூட்டத்தில் அவரே சொன்னார்: "அவர் நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டாரு மேடம். போன மாசம் பதினாறு நாளுதான். இத்தன நாளும் நான் கேக்கவும் இல்ல, அவர் சொல்லவும் இல்ல."

போவதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்யும். உங்கள் குழுவிலும் வெளியூர் வேலைக்காகக் கடன் கேட்டு மனு வந்தால், இந்த ஐந்து கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். உங்கள் அனுபவத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.