கல் காணாமல் போனால் எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி. மனை வாங்கிய எவருக்கும் தெரிந்த கணக்கு. அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது? 1620 வாக்கில் இங்கிலாந்துக் கணிதவியலர் எட்மண்ட் கன்டர் வகுத்த அளவுச் சங்கிலியிலிருந்து. நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். சர்வேயர்கள் கண்ணியை ‘லிங்க்’ என்பார்கள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆகவே ஒரு சென்டுக்குச் சரியாக 1,000 சதுர லிங்க். வயலில் நின்றபடியே பரப்பைச் சொல்லிவிடலாம். அடிக்கு மாற்றும்போதுதான் பின்னம் தலைகாட்டுகிறது.

சென்னையில் 1794இல் சர்வே பள்ளி தொடங்கியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் அதுதான். 1802இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தம் அளவைக்கு அடிப்படையான ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார். வெயிலில் இரும்பு நீளும். 100 அடிச் சங்கிலி 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதனால் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே 57 நாள் அளந்தார்.

ஊர் ஊராக வயல்களை அளந்தது பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே தீர்வை போட வேண்டியிருந்ததே காரணம். நோக்கம் வரி வசூல்தான். ஆனால் அதில் பிறந்த, வயலின் அளவுகளைக் குறித்த புலப்படம் அருமையான அறிவியல் ஆவணம். நான்கு பக்க நீளங்களை மட்டும் குறித்து வைத்தால் போதாது. அதே நீளங்களில் வயலைச் சாய்த்தும் வரையலாம், பரப்பும் மாறிவிடும். முக்கோணத்துக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. மூன்று பக்கமும் தெரிந்தால் வடிவம் ஒன்றே ஒன்றுதான். எனவே வயலைக் குறுக்குக் கோடுகளால் முக்கோணங்களாகப் பிரித்து, வளைந்து நெளியும் வரப்புக்கு அந்தக் கோடுகளிலிருந்து செங்குத்து அளவுகளை எடுத்தார்கள். இதனால் வயலின் எல்லையில் நட்ட ஒரு கல் காணாமல் போனாலும், எஞ்சிய கற்களிலிருந்து அளந்து பழைய இடத்திலேயே நட்டுவிட முடியும்.

இப்போது செயற்கைக்கோள் கருவிகள் சென்டிமீட்டர் துல்லியம் தருகின்றன. பூமியில் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று அவை சொல்லும். அதுதான் உங்கள் எல்லையா என்பதைப் புலப்படமும் கல்லும்தான் சொல்ல வேண்டும். சாலை போடும்போதும் மனை பிரிக்கும்போதும் பொக்லைன் முதலில் பெயர்த்துப் போடுவது இந்தக் கற்களைத்தான். பக்கத்துக் கற்களெல்லாம் போய்விட்டால் தொலைவிலிருந்து அளந்து வர வேண்டும். அளக்க அளக்கப் பிழை சேரும். வரப்புத் தகராறுகள் பல இங்கே முளைக்கின்றன.

உங்கள் புலப்படம் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. எடுத்துக்கொண்டு ஒருமுறை நிலத்தைச் சுற்றி வாருங்கள். கல் இல்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி அந்தக் கற்களைக் காக்கும் பொறுப்பு நிலத்துக்காரருடையது.