தங்கம் முதலில், ஹைப்போ பிறகு

உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காகிதத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலைப் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால், கண்ணெதிரிலேயே படம் கருத்து வரும். இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் 1839-இல் அறிவித்த முறையின் வழிவந்த இந்த ‘சால்ட் பிரிண்ட்’டை இன்றும் வீட்டிலேயே போடுகிறவர்கள் உண்டு. படம் வருவது சுலபம். வந்த படத்தை நிலைக்க வைப்பதில்தான் வேலை இருக்கிறது.

வெயில் படாத இடத்தில், உப்பும் சில்வர் நைட்ரேட்டும் சேர்ந்து உண்டான சில்வர் குளோரைடு அப்படியே தங்கியிருக்கும். அதை நீக்காவிட்டால் வெளிச்சத்தில் அதுவும் கருத்துப் படமே இருண்டுபோகும். தண்ணீரில் அது கரையாது. டால்பட் முதலில் அடர்ந்த உப்புக் கரைசலில் போட்டுச் சமாளித்தார். ஆனால், வெள்ளி உப்புகளை ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், கரைத்துவிடும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்திருந்தார். புகைப்படம் பிறக்கும் முன்பே அதற்கான மருந்து தயாராக இருந்தது!

ஹைப்போ ட்ரேயில் இறக்கியதும் முதல்முறை செய்பவர் பதறிப்போவார். நாவல்பழ நிறத்தில் இருந்த படம் சட்டென்று வெளுத்துச் செம்பழுப்பாகும். இதற்காகவே வெயிலில் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கருக்க விடுகிறார்கள். அந்தச் சிவப்பு பிடிக்காதவர்களுக்குத் தங்க டோனிங் இருக்கிறது. கோல்டு குளோரைடு கரைசலில் மூன்று வெள்ளி அணுக்கள் விலக, ஒரு தங்க அணு வந்து படிகிறது. நிறம் ஊதா கலந்த கருமைக்கு நகர்கிறது. படத்தின் ஆயுளும் கூடுகிறது. ஆனால், விலகிய வெள்ளி மறுபடி சில்வர் குளோரைடாகிவிடுகிறதே! அதைக் கரைக்க ஹைப்போ வேண்டும். அதனால்தான் தங்கம் முதலில்.

ஹைப்போ போல, படத்தை நிலைக்க வைக்கும் கரைசலுக்கு ஃபிக்ஸர் என்று பெயர். அமிலம் கலந்த ஃபிக்ஸர் இந்தப் படங்களுக்கு ஆகாது. சால்ட் பிரிண்டின் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை. மென்மையான சாயல்களை அமிலம் அரித்துவிடும். லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் ஹைப்போவும் ஒரு சிட்டிகை வாஷிங் சோடாவும் போதும். இரண்டு ட்ரே வைத்துக்கொள்வது நல்லது. முதல் ட்ரேயில் வெள்ளி சேரச்சேர, எளிதில் கரையாத கூட்டுப்பொருள்கள் காகிதத்திலேயே தங்கிவிடும். இரண்டாவது ட்ரேயின் புதுக் கரைசல் அவற்றை வெளியேற்றும்.

பிறகு கழுவ வேண்டும், சலிக்காமல். காகித இழைகளில் தங்கும் ஹைப்போவின் கந்தகம் வெள்ளியைச் சில்வர் சல்பைடாக மாற்ற, படம் மஞ்சளித்து மங்கும். இப்படி மங்கிய படங்களை ஆராய 1855-இல் லண்டன் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஒரு குழுவே அமைத்தது. சரியாகக் கழுவாததுதான் முக்கியக் காரணம் என்றது அந்தக் குழு.

கடைசியாக ஒன்று: பழைய ஹைப்போவைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. எக்ஸ்ரே கூடங்களில் வெள்ளிக்காகப் பழைய ஹைப்போவை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. கேனில் சேர்த்து அவர்களிடம் கொடுங்கள்.