யூத மாணவரின் உணவுக்கூடம்

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்குச் சோற்றுக் கவலை இன்னதென்று பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகனையோ மகளையோ மேற்படிப்புக்குக் கடல் கடந்து அனுப்பும் நம் வீடுகளில், கட்டணத்தைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்யும் குழந்தை?" என்பதே. அமெரிக்காவில் யூதத் தாய்மாரும் இதே கேள்வியைப் பல தலைமுறைகளாகக் கேட்டு வந்திருக்கின்றனர். அந்நாட்டுக் கல்லூரிகள் அதற்கு விடை கண்ட வரலாறு நாமும் அறியத் தக்கது. அவ்விடையில் ஓரிடத்தில் நம் நாட்டுச் சொல் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது.

சமய விதிப்படி அமைந்த உணவை யூதர் 'கோஷர்' என்பர். தகுதியுடையது என்பது அதன் பொருள். பன்றி இறைச்சி விலக்கு என்ற அளவில் பலரும் அறிவர். விதிகள் அதற்கப்பாலும் வெகுதூரம் செல்கின்றன. பிளந்த குளம்பும் அசைபோடும் இயல்பும் ஒருங்கே உடைய விலங்குகளே உணவுக்கு ஆகும். அவற்றையும் பயிற்சி பெற்ற யூதர் ஒருவர் முறைப்படி அறுத்திருக்க வேண்டும். துடுப்பும் செதிளும் உள்ள மீன் ஆகும். இறாலும் நண்டும் ஆகா. இறைச்சியும் பாலும் ஒரு வேளை உணவில் சேரலாகாது. அவ்வளவோடும் நில்லாமல், இரண்டுக்கும் பாத்திரம் வேறு, கரண்டி வேறு, தட்டும் வேறு. (கொச்சி யூதர்கள் இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பால் சேர்ப்பதுண்டு. அது பெயரளவில்தானே பால்!) பத்து, எச்சில், மடி என்று பாட்டிமார் விதித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இவையெல்லாம் விநோதமாகத் தோன்றமாட்டா.

காய்கறி மட்டும் உண்டு காலம் தள்ளலாமே என நம்மவர் எண்ணக்கூடும். அதுவும் எளிதன்று. புழு பூச்சி விலக்காதலால் கீரை வகைகளை இலை இலையாகக் கழுவி ஆராய்தல் வேண்டும். பாலாடைக்கட்டியை உறையவைக்கும் பொருள் விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்ததா என்று பார்த்தல் வேண்டும். நேற்று மாட்டிறைச்சி வதக்கிய சட்டியில் இன்று வெந்த அவரைக்காய், விதியை வழுவாமல் காக்கும் மாணவனுக்கு உதவாது.

ஆதலின் அவன் பழமும் ரொட்டியும் கொண்டு அறையில் தனித்து உண்பான். அல்லது உறையிட்டு வந்த பொட்டலத்தைச் சுடவைத்து உண்பான். இரண்டும் இயலாதபோது விதியைக் கைவிடுவான். விடுதியில் தங்குவோர் உணவுத் திட்டத்துக்குப் பணம் கட்டியே ஆகவேண்டும் என்பது பல கல்லூரிகளின் ஏற்பாடு. உண்ணாத சோற்றுக்கும் பணம் போயிற்று. எனினும், பணத்தினும் பெரிய இழப்பு வேறொன்று உண்டென்பது நம் கருத்து. அந்நாட்டுக் கல்லூரிகளில் நட்பு வளரும் இடம் சாப்பாட்டு மேசை. அங்கே அமர முடியாதவன் வகுப்பில் இருந்தும் கல்லூரிக்கு வெளியே இருப்பவனாகிறான்.

இக்குறையைத் தீர்க்க யூதர் தாமே முதலில் முயன்றனர். 1923-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'ஹில்லெல்' அமைப்பு, பின்னர்ப் பல கல்லூரிகளில் பரவி, வெள்ளி இரவு விருந்துக்கு மாணவரைக் கூட்டியது. ஓபர்லின் கல்லூரியில் மாணவரே கூட்டுறவு முறையில் கோஷர் சமையல் நடத்தினர். ஆனால் நம் மனத்தைக் கவர்வது டார்ட்மத் கல்லூரியின் கதையே.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹானோவர் என்னும் சிற்றூரில், 1769-ல் நிறுவப்பட்டது அக்கல்லூரி. பெருநகரங்களின் யூதக் கடைகள் அங்கில்லை. கடையில்லாக் குறை ஒருபுறமிருக்க, யூத மாணவர் மிகுதியாக வருவதையே அக்கல்லூரி விரும்பாத காலம் ஒன்றிருந்தது. தலைவர் ஹாப்கின்ஸ் 1945-ல், இது கிறிஸ்தவக் கல்லூரியென்றும் யூதர் தொகைக்கு வரம்பு உண்டென்றும் ஒளிவின்றி உரைத்தார். பிற்காலத்தில் யூதரான ஜேம்ஸ் ப்ரீட்மன் அதே நாற்காலியில் அமர்ந்தார். 1997-ல் யூத மாணவருக்கான ராத் நிலையத்தின் திறப்பு விழாவில் பழைய கடிதங்களை எடுத்துக்காட்டி, அந்த வரம்பின் வரலாற்றை அவர் சபையறியக் கூறினார். விழா மேடையில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

நான்காண்டுகள் கழித்து, 2001-ல், 'பெவிலியன்' என்ற உணவுக்கூடம் அங்கே திறக்கப்பட்டது. கோஷர், ஹலால், சாகாஹாரம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமாறு அது அமைந்தது. ஆம், வடநாட்டு உணவுவிடுதிப் பலகைகளில் நாம் நாள்தோறும் காணும் அதே சாகாஹாரம்!

இம்மூன்றும் இணைவது சொல்வதுபோல் எளிதன்று. முஸ்லிம்களில் பலர் கோஷர் இறைச்சியை ஏற்பர், சிலர் ஏற்கார். யூதரோ ஹலால் இறைச்சியை ஏற்க இயலாது. கோஷர் முறையில் செய்த திராட்சை மதுவைக் குழம்பில் சேர்ப்பது யூதருக்கு இழுக்கன்று, முஸ்லிமுக்கு ஆகாது. சைவருக்கோ இறைச்சி தொட்ட கரண்டியே ஆகாது. எனவே இத்தகைய பொது அடுக்களை, ஒவ்வொன்றிலும் எவருடைய விதி கடுமையோ அதனையே மேற்கொள்ள நேரிடுகிறது. நாட்கணக்கும் உண்டு. வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை அடுப்பு மூட்டலாகாது. முன்னரே சமைத்துச் சூடாறாமல் வைத்திருப்பர். அன்று மின்பொறியில் அடையாள அட்டையைத் தேய்ப்பதும் கூடாதாகையால், பல கல்லூரிகளில் மாணவர் பெயரை முன்னதாகவே குறித்துக்கொள்வர். பாஸ்கா நாட்களிலோ புளித்த ரொட்டி அறவே விலக்கு, பாத்திரங்களும் தனி.

நம் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. கோஷர் என்றால் சைவம் என்று எண்ணிவிடலாகாது. கடைப் பொருள்களில் வட்டத்துக்குள் ஆங்கில 'யூ' எழுத்துப் பொறித்திருப்பது கோஷர் முத்திரைகளுள் ஒன்று. அதனருகே 'டி' இருப்பின் பால் சார்ந்தது. 'பாரெவ்' என்றிருப்பின் இறைச்சியுமில்லை, பாலுமில்லை. ஆனால் இவ்விரண்டிலும் முட்டை இருக்கலாம்; மீனும் இருக்கலாம், யூத விதியில் மீன் இறைச்சியாகக் கருதப்படாமையால். ஆகவே உறையின் பின்புறத்தையும் படித்தல் நலம். கல்லூரி ஏற்பாடுகள் ஆண்டுக்காண்டு மாறுவன. அனுமதிக் கடிதம் வந்தவுடனேயே உணவுத் திட்டத்தைப் பற்றி எழுதிக் கேட்டு, முட்டை சேருமா, பாத்திரம் தனியா என்பவற்றையும் தெளிவுபடுத்திக்கொள்க.