வலிப்பும் மறதியும்

வலிப்பு வந்து ஒருவர் கடைத்தெருவில் விழுந்துவிட்டால், அவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதற்குப் பத்துப் பேர் ஓடி வருகிறார்கள். சாவியினால் வலிப்பு நிற்பதில்லை, அது பெரும்பாலும் தானாகவேதான் அடங்குகிறது என்றாலும், ஓடி வந்தவர்களுடைய பரிவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே மனிதர் மறுநாள் அதே கடையில், தாம் எதை வாங்க வந்தோம் என்பது நினைவுக்கு வராமல் திகைத்து நிற்கும்போது, அதுவும் அந்த வியாதியின் ஒரு பகுதிதான் என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. அசட்டை என்றும் சோம்பல் என்றும் பெயர் வைத்துவிடுகிறோம்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அடிவாரமான காரவள்ளியை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள காளப்பநாயக்கன்பட்டியில், இந்நோயோடு நெடுங்காலமாகக் குடும்பம் நடத்திவரும் ஓர் அம்மாளை நான் அறிவேன். மாத்திரையின் தயவால் வலிப்பு அபூர்வமாகிவிட்டது. மறதியோ நாள்தோறும் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் பெயர் நாக்கு நுனி வரையில் வந்து நின்றுவிடுகிறது. தாம் நேரில் இருந்து ஆசீர்வதித்த வளைகாப்பைப் பற்றி இரண்டு மாதம் கழித்துப் பேச்சு வந்தால், அங்கே போனதாகவே அவருக்கு ஞாபகமில்லை. “இப்பத்தானுங்களே அத்தை சொன்னேன்” என்று மருமகள் சொல்லும் குரலில் கோபம் சிறிதும் இல்லாவிட்டாலும், அம்மாளின் முகம் வாடிவிடுகிறது.

இந்த மறதிக்குக் காரணம் ஒன்றல்ல. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக அமைந்திருக்கும் மூளை மடலின் ஆழத்தில், ஹிப்போகாம்பஸ் என்று மருத்துவர்கள் கூறும் ஒரு சிறு பாகம் இருக்கிறது. அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் நிலைத்த ஞாபகமாக ஆக்குவதற்கு அது இன்றியமையாதது. பெரியவர்களுக்கு வரும் வலிப்புகளில் பல அந்த மடலிலிருந்தே கிளம்புகின்றன. இடப்புறம் பாதிக்கப்பட்டால் பெயர்களும் சொற்களும், வலப்புறமானால் முகங்களும் வழிகளும் நழுவுவதுண்டு. வலிப்புக்குப் பின் நீடிக்கும் மந்தமும், கெட்ட தூக்கமும், மனச்சோர்வும், சில மருந்துகளால் உண்டாகும் அயர்வும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. அன்றைக்கு நன்றாக நினைவிலிருந்த ஒரு சம்பவம் சில வாரங்களில் சுவடில்லாமல் மறைவதும் இந்நோயாளர் சிலரிடம் காணப்படும் விசேஷம்; அம்மாளுக்கு வளைகாப்பு மறந்ததும் அவ்வகையாகவே இருக்கலாம்.

ஞாபகத்துக்கு ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது என்பதை உலகத்துக்கு உணர்த்தியவர்களில் முதன்மையானவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க நோயாளி. கடும் வலிப்பினால் அவதியுற்ற அவருக்கு 1953-ஆம் ஆண்டில், அவருடைய 27-ஆம் வயதில், ஸ்கோவில் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் மூளையின் இரு பக்கத்திலும் அந்தப் பாகத்தின் ஒரு பெரிய பகுதியை அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் 2008-இல் இறக்கும் வரையில், புதிதாகச் சந்தித்த மனிதரையோ நடந்த சம்பவத்தையோ சில நிமிஷங்களுக்கு மேல் நினைவில் நிறுத்த அவரால் இயலவில்லை. மான்ட்ரீல் நரம்பியல் நிலையத்தில் ஆராய்ச்சி செய்த பிரெண்டா மில்னர் என்ற அம்மையார், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மாத்திரம் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாட்கள் அளித்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது; ஆயினும் முந்தின நாள் அதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நடந்ததை நினைக்கும் ஞாபகம் வேறு, கை பழகிக்கொள்ளும் ஞாபகம் வேறு என்பது அதனால் விளங்கிற்று. முன்னது பழுதுபட்டாலும் பின்னது துணை நிற்கும் என்ற இந்தச் செய்தியைவிட, மறதியோடு வாழ்கிறவர்களுக்கு ஆறுதலான செய்தி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி வீட்டில் மில்னரின் பெயரை யாரும் கேட்டதில்லை. ஆனால் கை பழகிக்கொள்ளும் ஞாபகத்தைத் துணையாகக் கொள்வதுதான் அங்கேயும் நடக்கிறது. சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும், அட்டையோடு கத்தரித்த மாத்திரைகளைக் காலைக்கு மேலும் இரவுக்குக் கீழுமாக மகன் ஒட்டிவைத்திருக்கிறார்; கட்டம் காலியாயிருந்தால் மாத்திரை உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். காப்பி டம்ளரைக் கழுவுமுன் காலண்டர் பக்கம் போவது அம்மாளுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. இதன் பெருமையைச் சிறிதாக எண்ணலாகாது. மாத்திரையை மறந்தால் வலிப்பு, வலிப்பு வந்தால் மறதி அதிகம், மறதி அதிகமானால் மீண்டும் மாத்திரை தவறுதல் என்று சுற்றும் அந்தச் சக்கரத்தை அறுப்பது இந்தக் காலண்டர்தான். வீட்டுச் சாவிக்கு ஒரே ஆணி. மருமகள் உள்பட யாரும் அஞ்சறைப் பெட்டியை இடம் மாற்றுவதில்லை. அடுப்பில் பால் இருக்கும்போது வாசலுக்குப் போக நேர்ந்தால், அம்மாள் கரண்டியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போகிறார். வந்தவரோடு பேசிக்கொண்டிருக்கையில் கையிலுள்ள கரண்டி பாலை நினைவூட்டுகிறது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, படுக்குமுன் வாய்விட்டுப் படிக்கிறார்.

கொல்லிமலையின் மூலிகைகளில் நம்பிக்கை மிகுந்த பிரதேசம் இது. ஞாபகசக்திக்கென்று வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் அதை நம்பியோ, மாத்திரைதான் மந்தத்துக்குக் காரணம் என்று எண்ணியோ, மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே அபாயம். மருந்து மந்தப்படுத்துவதாகத் தோன்றினால் அளவைக் குறைக்கவும் வேறு மருந்துக்கு மாற்றவும் மருத்துவரால் இயலும்.

பொருத்தமான இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு அடங்காதவர்கள் பெரிய நிலையங்களில் பரிசோதித்துக்கொள்வது அவசியம். அத்தகைய நிலையங்களில் ஒன்றான வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பு சத்திர சிகிச்சைத் துறையைத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, மில்னர் ஆராய்ச்சி செய்த அதே மான்ட்ரீல் நிலையத்தில் பயின்றவர். மொலைசனுக்கு நேர்ந்ததை அறிந்த இக்காலத்தில், வலிப்பு கிளம்பும் அந்த மூளை மடலில் சத்திர சிகிச்சை செய்வதாயிருந்தால், ஞாபகசக்தியை முன்கூட்டியே சோதித்து, ஒரு பக்கத்தில் மாத்திரமே செய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டார் ஒருவர் உடன் செல்லட்டும். நோட்டையும் எடுத்துச் செல்லட்டும். எத்தனை முறை வலிப்பு வந்தது என்று மருத்துவர் கேட்டுவிட்டுச் சீட்டு எழுதத் தொடங்குமுன், மறதியைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.