தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

மல்லாங்கிணறு வட்டாரத்தில் சங்க ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் இருவரிடையே எழுந்த வாக்குவாதமொன்றைக் கேட்க நேர்ந்தது. “நான் நான்கு சீட்டுகளில் முத்திரை குத்தினேன், தலைவருக்கென்றே தனிச் சீட்டு இருந்தது” என்றார் பக்கத்துக் கிராமத்துப் பருத்தி விவசாயி. “நமக்கு ஒரே வாக்குத்தானே, அண்ணாச்சி! தலைவர் பதவிக்குப் போட்டியே வைக்கவில்லையே” என்றார் மல்லாங்கிணற்று நெசவாளர். நம்மிடம் தீர்ப்புக் கேட்டனர். இருவர் கூற்றும் மெய்யே.

மல்லாங்கிணறு ஒரு பேரூராட்சி. விவசாயியின் கிராமமோ ஊராட்சி. ஊராட்சி வாக்காளர் தம் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சிக் கவுன்சிலர் ஆகிய நால்வரையும் நேரே தேர்ந்தெடுக்கிறார். 2019 டிசம்பரில் இம்மாவட்டத்தில் நடந்த தேர்தலில் இவ்வாறே வாக்களித்தனர். துணைத் தலைவரை மட்டும் வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பர். அப்பதவியை வெறும் அலங்காரமென்று எண்ணலாகாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு அவரும் ஒப்பமிட்டாக வேண்டும்.

பேரூராட்சியில் வாக்காளர் தேர்ந்தெடுப்பது வார்டுக் கவுன்சிலர் ஒருவரையே. 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது; மார்ச் 4-இல் கவுன்சிலர்கள் கூடித் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுத்தனர். 2006-லும் இம்முறையே, இடையில் 2011-இல் மக்களே தலைவரை நேரே தேர்ந்தெடுத்தனர். முறை மாறி மாறி வந்தமையே நெசவாளரின் குழப்பத்திற்குக் காரணம். ஆயினும் நம் அங்கத்தினருக்கு இஃது அறியாததன்று. சங்கத்தில் நாம் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க, குழு தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறதன்றோ? ஆதலின், “தெருவுக்குத் தெரிந்த பிள்ளை” என்று கவுன்சிலருக்கு வாக்களிப்பவர், அந்த ஒரு வாக்காலேயே தலைவர் தேர்விலும் பங்கு கொண்டு விடுகிறார்.

ஊராட்சிக்காரருக்கு வேறொரு பலமும் உண்டு. அது கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். வரவு செலவுக் கணக்கை அங்கே கேட்கலாம். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அதற்கென வகுக்கப்பட்டன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சங்கப் பேரவைக்குப் போலவே இதற்கும் கோரம் உண்டு. 500 பேர் வரையுள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருத்தல் வேண்டும். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் சென்றபோதும் கிராம சபை கூடிற்று. தலைவர் இல்லாத காலத்தில் கணக்குக் கேட்க மக்களுக்கு எஞ்சிய இடம் அதுவே.

“உங்கள் ஊரில் எத்தனை பேர் வருகிறார்கள்?” என்று விவசாயியைக் கேட்டோம்.

“நோட்டு வீட்டுக்கே வந்துவிடும், கையெழுத்துப் போட்டால் போதும்” என்று சிரித்தார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத்தில் அங்ஙனம் ஒரு பேரவை நடந்திருப்பின், அதன் தீர்மானம் செல்லாதென நாமே எழுதியிருப்போம். அடுத்த முறை நோட்டு வந்தால் ஒப்பமிடாமல் திருப்பியனுப்பிவிட்டு, கூட்டத்திற்கே போய் ஒப்பமிடுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டோம். பார்க்கிறேன் என்றார்.