எந்தக் குறையை முதலில் திருத்துவது?

சேலம் அம்மாபேட்டையில் தறியிலிருந்து இறக்கிய துணியைப் பிரித்துப் பார்க்கும்போது கண்ணில் படும் 'டேமேஜ்' ஒன்றல்ல: பாவிழை (நீளவாட்டு இழை) அறுந்த இடம், ஊடை (குறுக்கு இழை) விடுபட்ட இடம், எண்ணெய்க் கறை, அச்சுக் கோடு. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திருத்த ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. அப்போது பெரும்பாலும், கடைசியாக எந்தக் குறைக்காகத் துணி திரும்பி வந்ததோ அதுவே முதலில் கவனிக்கப்படும். உரக்கச் சொல்லப்படுவதைப் பெரிய குறை என்று நம்பிவிடுவது மனித இயல்பு. அந்த இயல்பைக் கணக்கால் திருத்தவே பரேட்டோ வரைபடம் இருக்கிறது. குறைகளை வகை பிரித்து எண்ணி, மிகுதியானதை இடது ஓரத்தில் உயரமான பட்டையாகவும் மற்றவற்றை இறங்குவரிசையிலும் வரைய வேண்டும். மேலே ஒரு கோடு, பட்டைகளின் விழுக்காட்டைக் கூட்டிக்கொண்டே போய் 100-இல் முடியும். 'இதர' என்ற பட்டை மட்டும் எவ்வளவு உயர்ந்தாலும் கடைசியில்தான் நிற்கும்.

இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரெடோ பரேட்டோ ஆராய்ந்தது, செல்வம் சிலரிடம் குவிவதை. சில காரணங்களே பெரும்பாலான குறைகளை உண்டாக்குகின்றன என்று தரக்கட்டுப்பாட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் ஜோசஃப் ஜூரான். பரேட்டோவின் பெயரை வைத்தது பொருந்தாது என்று அவரே 1975-இல் எழுதினார். 80 விழுக்காடு குறைகளுக்கு 20 விழுக்காடு காரணங்களே மூலம் என்ற விகிதத்தை இயற்கை விதிபோலச் சொல்வது தவறு. பட்டைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றால், இப்படி வகை பிரித்தது உதவவில்லை என்று பொருள். தறிவாரியாகவோ நூல்வாரியாகவோ பிரித்து மறுபடி எண்ண வேண்டும்.

ஆனால் எதை எண்ணுவது என்பதில்தான் இந்தக் கருவியின் உயிர் இருக்கிறது. ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்: 100 குறைகளில் பாவிழை அறுந்தது 42, ஊடை விடுபட்டது 23, எண்ணெய்க் கறை 14, அச்சுக் கோடு 9, இதர 12. முதல் இடம் பாவுக்கு. துணிச் சோதனையில் நான்கு புள்ளி முறை என்று ஒன்று உண்டு. 3 அங்குலம் வரையுள்ள குறைக்கு 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. அறுந்த பாவிழையை உடனே முடிந்துவிட்டால் குறை சிறிதாகவே நிற்கும். 42 இடத்துக்கு 42 புள்ளி. விடுபட்ட ஊடையோ துணியின் அகலம் முழுக்க ஓடும். 23 இடத்துக்கு 92 புள்ளி. வரிசை தலைகீழாகிறது. அதே தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தால், மிளகளவு கறைகூட முழு வேட்டியின் விலையைக் குறைத்துவிடும். பண நட்டத்தை எண்ணினால் கறையே முதலிடத்துக்கு வரலாம். ஆகவே எண்ணிக்கை, புள்ளி, ரூபாய் மூன்றிலும் தனித்தனியாக வரைந்து பார்ப்பதே நியாயம். எது முக்கியம் என்ற முடிவை வரைபடம் எடுத்துத் தராது. அதை எடுப்பவர் எந்த அளவுகோலை நம்புகிறார் என்பதை வெளியே காட்டும்.

இதெல்லாம் பெரிய ஆலைகளுக்குத்தானே என்று கேட்கலாம். சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது போன்ற சாதனைகளுக்குப் பின்னால் பெரிய அமைப்பு இருந்தது உண்மை. ஆனால் இந்த வரைபடத்துக்கு வேண்டியது கோடு போட்ட நோட்டும், குறை கண்ட அந்த நிமிடமே குறித்துவைக்கும் பழக்கமும்தான். இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு: இந்தக் கணக்கு நெசவாளியின் கூலியைப் பிடிக்க ஆயுதமாகிவிடாதா? அந்த அச்சம் நியாயமானது. பிடித்தம் வரும் என்று தெரிந்தால் யாரும் குறையைக் குறிக்க மாட்டார்கள். பொய்க் கணக்கில் வரைந்த பட்டை எதையும் சொல்லாது. தவிர, எல்லாத் தறியிலும் பாவு அறுகிறது என்றால் கோளாறு கஞ்சியிலோ நூலிலோ கோடையின் வறண்ட காற்றிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம். தறியில் உட்கார்ந்திருப்பவர் அதற்குப் பொறுப்பல்ல. ஒரே தறியில் மட்டும் அறுந்தால், பாவிழை நுழைந்துவரும் விழுதையும் அச்சையும் முதலில் பார்க்க வேண்டும். திருத்தம் செய்த பிறகு அதே அளவு துணிக்கு, அதே அளவுகோலில், இன்னொரு படம் வரைய வேண்டும். உயரமான பட்டை தாழ்ந்தும் மொத்தக் குறை குறையவில்லை என்றால், குறைக்கு வேறு பெயர் எழுதப்படுகிறதா என்று நோட்டைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.