வீட்டில் கினிப்பன்றி வளர்ப்போர் அறிய வேண்டியவை: செரிமானக் கோளாறுகளும் தூய்மையும்

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி ஆகிய தொழிற்பகுதிகளில் சிறிய வாடகை வீடுகளிலும் குடியிருப்புகளிலும் வாழும் குடும்பங்களுக்கு நாய் வளர்ப்பது எளிதன்று. குழந்தைகளின் விருப்பத்திற்காகச் சிலர் கடைகளில் ‘கினி பிக்’ என்று விற்கப்படும் கினிப்பன்றியை வாங்குகின்றனர். இது சாதுவானது, சிறு கூண்டே போதும் என்று கருதப்படுகிறது. ஆனால் இதன் செரிமான மண்டலம் எளிதில் பாதிப்படையக் கூடியது.

பிராணிக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், குழந்தைக்கு வாங்கி மீதமிருக்கும் மருந்தில் சில சொட்டுகள் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. கூடாது என்பதே விடை. அதற்கான காரணத்தையும், பிராணியையும் குடும்பத்தினரையும் காக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செரிமானம் நடைபெறும் விதம்

கினிப்பன்றி தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட, தாவரங்களை மட்டுமே உண்ணும் விலங்கு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் இதற்குப் பெரிய பை போன்ற பகுதி உள்ளது. அங்கு வாழும் நன்மை தரும் நுண்ணுயிரிகளே புல்லின் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அவ்வாறு உருவாகும் மென்மையான கழிவை இப்பிராணி மீண்டும் உண்ணும். இது இயல்பான செயல், தடுக்க வேண்டியதில்லை.

நார்ச்சத்து இடைவிடாமல் உள்ளே சென்றால்தான் குடல் அசையும். உணவு நின்றால் குடல் அசைவு குறைந்து, வாயு சேர்ந்து, வயிறு உப்பும். வலியினால் பிராணி மேலும் உண்ணாது. இந்நிலை ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாக மாறலாம்.

மனிதருக்கான மருந்துகளைக் கொடுக்கக் கூடாது

பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் கினிப்பன்றியின் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிரிகளை அழித்துவிடுகின்றன. அவ்விடத்தில் கிளாஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் பெருகி நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. சில நாட்களில் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டுப் பிராணி இறக்க நேரிடும். மனிதருக்குப் பாதுகாப்பான பென்சிலின் கினிப்பன்றிகளைக் கொல்கிறது என்பது 1943ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டது.

கினிப்பன்றிக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும் உள்ளன. எது, எந்த அளவு என்பதைக் கால்நடை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளையும் தாங்களாகவே கொடுக்க வேண்டாம். மீதமான ஆன்டிபயாடிக் மருந்தை எடுத்து வைத்து, மருத்துவர் ஆலோசனையின்றி வேறு ஒருவருக்குக் கொடுப்பது மனிதருக்கும் பொருந்தாத பழக்கமே.

உணவு

• உணவின் பெரும்பகுதி புல்லும் உலர்புல்லும் ஆக இருக்க வேண்டும். அருகம்புல் ஏற்றது. நெல் வைக்கோலில் சத்து குறைவு. அதை மட்டுமே நம்பக் கூடாது.
• சாலையோரப் புல்லில் வாகனப் புகை, நிலக்கரித் தூசி, நாய் மற்றும் எலிகளின் சிறுநீர் படிந்திருக்கலாம். தூய்மையான இடத்தில் பறித்து, கழுவி, நீர் வடிந்த பின் கொடுக்கவும். குவித்து வைத்துச் சூடேறிய புல் வயிற்றுப் பொருமலை உண்டாக்கும்.
• மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் ‘சி’யை உற்பத்தி செய்யாது. 1907ஆம் ஆண்டு நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஸ்கர்வி நோயை இப்பிராணியிடம் கண்டறிந்ததே அந்நோயைப் புரிந்துகொள்ள உதவியது. நாள்தோறும் ஒரு கிலோ உடல் எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, சிறு துண்டு கொய்யா ஆகியவற்றில் இது கிடைக்கும். பற்றாக்குறை ஏற்பட்டால் மூட்டு வலி, பசியின்மை, வயிற்றுப்போக்கு தோன்றும்.
• சோறு, ரொட்டி, பிஸ்கட், பால், நொறுக்குத் தீனி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• புதிய உணவை ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகப் பழக்கவும்.
• கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கலாம். குடும்பத்தினர் பருகும் குடிநீரையே கொடுத்து, நாள்தோறும் மாற்றவும்.

புழுக்கையைக் கவனியுங்கள்

நலமுள்ள பிராணியின் புழுக்கை நீள்வட்டமாக, கரும்பழுப்பு நிறத்தில், ஒரே அளவில் இருக்கும். அளவு சிறுத்தல், எண்ணிக்கை குறைதல், நீர்த்துப் போதல் ஆகியவை நோயின் முதல் அறிகுறிகள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசு போன்ற தனித் தராசில் எடை பார்ப்பதும் நன்று. நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடைய இப்பிராணியின் எடைக் குறைவு முன்கூட்டியே எச்சரிக்கும்.

பின்வருவனவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரை அணுகவும்:

• 12 மணி நேரமாக உண்ணாமை அல்லது புழுக்கை இடாமை
• நீர்த்த வயிற்றுப்போக்கு
• உப்பிய, இறுகிய வயிறு
• எச்சில் வடிதல் (பல் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கலாம்)
• மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கியிருத்தல்
• பின்புறத்தில் கழிவு ஒட்டி, ஈ மொய்த்தல் அல்லது புழு காணப்படுதல்

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் அணுகலாம். சிறப்புச் சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. பயணத்திற்கே நீண்ட நேரம் ஆகலாம். ஆகையால் பணி முடிந்து திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம். செல்லும் வழியில் புல்லும் நீரும் உடன் இருக்கட்டும்.

வெயிலும் மழையும்

30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் உயர்ந்தால் கினிப்பன்றிக்கு வெப்பத்தாக்கம் ஏற்படலாம். தகரக் கூரையின் கீழும் மூடிய பால்கனியிலும் கூண்டை வைக்கக் கூடாது. கத்திரி வெயில் காலத்தில் வீட்டின் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள பகுதியில் வைக்கவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் உலர்புல் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த புல்லை அகற்றிவிடவும்.

கூண்டும் குடும்பத்தின் நலமும்

நலமாகத் தோன்றும் கினிப்பன்றியின் கழிவிலும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம். அமெரிக்காவில் 2015 முதல் 2017 வரை 8 மாநிலங்களில் 9 பேருக்கு ஏற்பட்ட சால்மொனெல்லா தொற்று, செல்லப்பிராணியான கினிப்பன்றிகளுடன் தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டது. படர்தாமரையும் இப்பிராணியிடமிருந்து பரவக்கூடும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். இவர்களைக் கூண்டைத் தூய்மை செய்ய விடாதீர்கள்.

• நனைந்த விரிப்பையும் கழிவையும் நாள்தோறும் அகற்றி, வாரம் ஒரு முறை கூண்டு முழுவதையும் கழுவி உலர்த்தவும்.
• சமையலறைத் தொட்டியில் கூண்டையோ கிண்ணங்களையோ கழுவக் கூடாது.
• கிருமிநாசினியாகப் பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்தினால், நன்கு அலசி உலர்ந்த பின்னரே பிராணியை உள்ளே விடவும். அதனுடன் வினிகரை ஒருபோதும் கலக்கக் கூடாது.
• சிந்திய தீவனத்தை உடனே அகற்றவும். அதைத் தேடி வரும் எலிகளின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவலாம்.
• பிராணியைத் தொட்ட பின் 20 வினாடிகள் சோப்பினால் கைகளைக் கழுவவும். முத்தமிடுவதையும், தொட்டுக்கொண்டே உண்பதையும் தவிர்க்கவும்.
• கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் காட்டவும். தடுப்பூசி தேவையா என மருத்துவர் முடிவு செய்வார்.

குடும்பத்தில் எவருக்கேனும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தொடங்கவும். காய்ச்சல், மலத்தில் இரத்தம், குழந்தையின் சோர்வு ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவும். வீட்டில் கினிப்பன்றி வளர்ப்பதை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும்.

நினைவில் கொள்ளவும்: நாள்தோறும் புல், தூய நீர், உலர்ந்த கூண்டு, தொட்ட பின் கைகழுவுதல். பிராணி உண்ணாவிட்டால் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காமல், கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.